கேஸ் ஒண்ணு, டப்பா வேற!

மே மாச மதியத்துல காஞ்சிபுரம் காந்தி ரோட்டைப் பார்த்திருக்கீங்களா? கல்யாணப் பட்டு எடுக்க வந்த வேன்கள் வரிசையா நிக்கும். டிரைவர் அண்ணன்கள் இன்ஜினை அணைக்காம ஏசியில உட்கார்ந்திருப்பாங்க. எதிர்ல பட்டுக்கடை மாடியில ஸ்பிளிட் ஏசியோட அவுட்டோர் யூனிட்கள் ஓடிட்டே இருக்கும். பக்கத்துல ஜூஸ் கடை, அதுல கண்ணாடிக் கதவு போட்ட கூலர். பத்தடி தூரத்துக்குள்ள மூணு குளிர்சாதன சிஸ்டம். மூணுக்குள்ள ஓடுறதுக்கும் நாம வச்சிருக்கிற பேர் ஒண்ணுதான்: கேஸ்.

"கூலிங் இல்ல, கேஸ் அடிக்கணும்." காருக்கும் இதே வசனம், வீட்டு ஏசிக்கும் இதே வசனம், கடை கூலருக்கும் இதே வசனம். சின்ன ஊர்கள்ல பல நேரம் மூணையும் சரி பண்றவர் ஒரே மெக்கானிக்காவும் இருப்பார். ஒரே கேஜ், ஒரே ஹோஸ், பைக்ல கட்டின ஒரே சிலிண்டர்.

இப்போ ஒரு கேள்வி. அந்த வேனுக்கு அடிக்கிற கேஸ் டப்பாவை அந்த ஜூஸ் கடை கூலருக்கு அடிக்கலாமா?

"அதெப்படி முடியும், ரெண்டும் வேற கேஸ் இல்லையா?"ன்னு நீங்க நினைச்சா, அது முழுக்க சரி இல்லை. வேனுக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் ஆர்-134ஏ. கூலர் கொஞ்சம் பழசுன்னா அதுக்குள்ளயும் அதே ஆர்-134ஏ இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. மாலிக்யூல் ஒண்ணு, கொதிநிலை ஒண்ணு. ஆனாலும் "அடிக்கலாமா?"ங்கிற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் "வேண்டாம்"தான். கெமிஸ்ட்ரி ஒண்ணா இருந்தும் ஏன் வேண்டாம்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் பசங்களுக்கு மட்டும் இல்லை, ஏசி ரூம்ல உட்கார்ந்து கோட் எழுதுறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல ஒரு மூடநம்பிக்கை: கேஸ் காலி ஆகாது

பெட்ரோல் எரிஞ்சு தீரும். ஏசி கேஸ் அப்படித் தீராது. கம்ப்ரஸர் அழுத்தும், கண்டென்சர்ல வெப்பத்தை விட்டுத் திரவமாகும், எக்ஸ்பான்ஷன் வால்வுலயோ கேப்பிலரி டியூப்லயோ அழுத்தம் குறையும், எவாப்பரேட்டர்ல வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகும், மறுபடி கம்ப்ரஸருக்கே வரும். மூடின வட்டம். தெர்மோடைனமிக்ஸ்ல நாம வரைஞ்ச அதே நாலு கோடு.

அதனால் கேஸ் குறைஞ்சிருக்குன்னா ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ லீக்.

ஆனால் இங்கேயே கார் ஒரு வழியில போகுது, கடை கூலர் வேற வழியில போகுது. கூலரோட கம்ப்ரஸர் ஹெர்மெட்டிக் வகை. மோட்டாரும் பம்பும் ஒரே இரும்புக் குடுவைக்குள்ள இருக்க, குடுவையையே வெல்டு பண்ணி மூடியிருப்பாங்க. குழாய் எல்லாம் செம்பு, இணைப்பு எல்லாம் பிரேஸிங். நல்லா செஞ்ச யூனிட் பல வருஷம் ஒரு கிராம்கூட சேர்க்காம ஓடும்.

கார் கம்ப்ரஸர் இன்ஜின் பெல்ட்ல சுத்துது. அப்படின்னா ஷாஃப்ட் வெளியே வந்தாகணும், வெளியே வர்ற இடத்துல ஒரு சீல் இருந்தாகணும். இன்ஜின் அதிரும், பாடி நகரும், அதனால செம்புக் குழாய் போதாது, ரப்பர் ஹோஸ் வேணும். அந்த சீல் வழியாவும் ஹோஸ் சுவர் வழியாவும் கேஸ் ரொம்ப மெதுவா கசிஞ்சுக்கிட்டே இருக்கும். இது டிசைனோட ஒரு பகுதி. சில வருஷத்துக்கு ஒரு தடவை கார்ல கொஞ்சம் கேஸ் சேர்க்க வேண்டி வந்தா அதிர்ச்சி இல்லை. வீட்டு ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் அடிக்கச் சொன்னா, அங்க லீக்கை யாரும் தேடவே இல்லைன்னு அர்த்தம்.

கார் சந்தைக்குச் சின்ன டப்பாவும், கடை சந்தைக்குப் பெரிய சிலிண்டரும் ஏன் வந்துச்சுன்னு இப்பவே பாதி புரியும். கார்ல அடிக்கடி கொஞ்சம் சேர்க்கணும். கடையில எப்பவாவது முழுசா நிரப்பணும்.

எல்லாத்துக்கும் ஒரே கேஸ் வச்சா என்ன?

நியாயமான கேள்வி. பதில் அழுத்தத்துல இருக்கு. 40 டிகிரி செல்சியஸ்ல, அதாவது நம்ம ஊர் மே மாச வெயில்ல, சும்மா வெளியே வச்சிருக்கிற சிலிண்டருக்குள்ள இருக்கிற செறிவு அழுத்தத்தைப் பாருங்க. எல்லாம் அப்சொல்யூட் பிரஷர், தோராயமா:

• ஆர்-600ஏ (வீட்டு ஃபிரிட்ஜ்): 5.3 பார்
• ஆர்-134ஏ (கார், பழைய கூலர்): 10.2 பார்
• ஆர்-290 (புது கூலர், சில ஸ்பிளிட் ஏசி): 13.7 பார்
• ஆர்-22 (பழைய ஏசி): 15.3 பார்
• ஆர்-410ஏ (கொஞ்சம் புது ஏசி): 24.2 பார்
• ஆர்-32 (இப்போதைய ஸ்பிளிட் ஏசி): 24.8 பார்

ஆர்-32 மாதிரி அழுத்தம் அதிகமான கேஸ்ல ஒரு லாபம் இருக்கு. அடர்த்தி அதிகம், அதனால ஒரே அளவு குளிருக்குச் சின்ன கம்ப்ரஸர், சின்னக் குழாய் போதும். செம்புக் குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்கும். ஆனா காரை யோசிங்க. ரப்பர் ஹோஸ், சுத்துற ஷாஃப்ட் சீல், சூடான இன்ஜின் ரூமுக்கு முன்னாடி கண்டென்சர். டிராஃபிக்ல நிக்கும்போது கண்டென்ஸிங் வெப்பநிலை சுலபமா 55 டிகிரியைத் தாண்டும். அந்த 55 டிகிரியில ஆர்-134ஏ 15 பார்தான். ஆர்-410ஏ 34 பாருக்கு மேல. கார்க்காரங்க ஆர்-134ஏவை விடாம வச்சிருந்ததுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கார்களில் இதுக்கு முன்னாடி இருந்தது ஆர்-12. ஓசோனை ஓட்டை போட்டதால 1987 செப்டம்பர் 16-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் அதை வெளியேத்துச்சு. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. தொண்ணூறுகளில் உலகம் முழுக்க கார்கள் ஆர்-134ஏவுக்கு மாறின. கூலரும் ஃபிரிட்ஜும்கூட ஆர்-12லேர்ந்து வந்தவைதான், அதனால அவையும் அப்போ அதே ஆர்-134ஏவுக்கு மாறின. ரெண்டு வேற உலகத்துக்குள்ள ஒரே மாலிக்யூல் வந்த கதை இதுதான். குழப்பமும் இங்கேயிருந்துதான் ஆரம்பம்.

டப்பாவுக்குள்ள கேஸ் மட்டும்தான் இருக்கா?

கார் சந்தையில கிடைக்கிறது 450 கிராம் மாதிரியான சின்ன டப்பா. குளிர்சாதனத் தொழில்ல புழங்குறது பெரிய சிலிண்டர். ஆர்-134ஏவுக்கு உலகம் முழுக்கப் பழகின ஒரு அளவு 13.6 கிலோ, அதாவது 30 பவுண்டு. இதுக்கும் மேல திரும்ப நிரப்பக்கூடிய பெரிய சிலிண்டர்களும் உண்டு. அளவைத் தவிர நாலு வித்தியாசத்தைக் கவனிக்கணும்.

ஒண்ணு, சேர்க்கைகள். தொழில்முறை சிலிண்டர்ல சுத்தமான ஆர்-134ஏ மட்டும் இருக்கணும். கார் டப்பாக்கள்ல சுத்தமான கேஸ் மட்டும் இருக்கிறதும் உண்டு, கம்ப்ரஸர் ஆயில் கலந்ததும் உண்டு, லீக்கைக் கண்டுபிடிக்க யூவி சாயம் கலந்ததும் உண்டு, 'லீக் ஸ்டாப்'ங்கிற அடைப்பான் கலந்ததும் உண்டு. இந்த அடைப்பான்ல ஒரு வகை ஈரமும் காற்றும் பட்டா இறுகும். கார்லயே இது தலைவலி. கூலர்ல இருக்கிற கேப்பிலரி டியூபோட உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அங்க போய் இறுகினா, ஒரு கூலரோட கதை முடிஞ்சது.

ரெண்டு, ஆயில். இதுதான் பெரிய விஷயம், தனியா கீழே பார்ப்போம்.

மூணு, வாய். அமெரிக்காவில் காருக்கான ஆர்-134ஏ சிலிண்டர் வாயில அரை இன்ச் ஆக்மி மரை இருக்கும். அதே கேஸ் குளிர்சாதனத் தொழிலுக்குப் போகும்போது கால் இன்ச் ஃபிளேர் மரை. காரோட சர்வீஸ் போர்ட்டும் எஸ்.ஏ.இ தரப்படி தனி குவிக் கப்ளர். ஹை சைடுக்கு 16 மில்லிமீட்டர், லோ சைடுக்கு 13 மில்லிமீட்டர். மாத்தி மாட்டவே முடியாது. பழைய ஆர்-12 ஹோஸையும் இதுல மாட்ட முடியாது. புரொடக்‌ஷன் இன்ஜினியரிங்ல 'போக்கா யோக்கே'ன்னு படிச்சோமே, தப்பு நடக்கவே முடியாத மாதிரி டிசைன் பண்றது, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஸ்பிளிட் ஏசியிலயும் இதே கதைதான்: ஆர்-22க்குக் கால் இன்ச் போர்ட், அழுத்தம் அதிகமான ஆர்-410ஏவுக்கு 5/16 இன்ச். ஆனா ஒரு சின்ன பித்தளை அடாப்டர் வாங்கிப் போட்டா இந்த டிசைன் அறிவு மொத்தமும் காலி. "வாய் சேரலையா? அடாப்டர் போடு"ன்னு சொல்றவங்க, "இது சேரக்கூடாது"ன்னு அந்த வாய் சொல்றதைக் கேட்கலைன்னு அர்த்தம்.

நாலு, எடை. சின்ன கார்ல மொத்தமே அரை கிலோ பக்கம் கேஸ் இருக்கும். பெரும்பாலும் பானெட் அடியில ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு போட்டிருப்பாங்க. சின்ன கூலர்ல அதுக்கும் கம்மி. காரில் ரிசீவர் டிரையர் மாதிரி கொஞ்சம் சேமிப்பு இடம் இருக்கு, பத்து இருபது கிராம் முன்னபின்ன ஆனா சமாளிக்கும். கேப்பிலரி சிஸ்டம்ல அந்தச் சலுகை இல்லை. கூடினா திரவமே கம்ப்ரஸருக்குத் திரும்பி வந்து அடிக்கும், குறைஞ்சா குளிராது. அதனால தராசு இல்லாம டப்பாவைத் திறந்து, "ஹோஸ் ஜில்லுனு ஆகுது, போதும்"னு நிறுத்துறது கூலர்ல சூதாட்டம். காரிலும் சரியான வழி எடை போடுறதுதான்.

ஆயில்: யாரும் கேட்காத கேள்வி

கம்ப்ரஸருக்குள்ள ஆயில் தனியா ஒரு இடத்துல உட்கார்ந்திருக்காது. கேஸோட கலந்து சிஸ்டம் முழுக்கச் சுத்தி வரும். அதனால கேஸும் ஆயிலும் ஒத்துப்போகணும். ஆர்-12, ஆர்-22 காலத்து மினரல் ஆயில் ஆர்-134ஏவோட சரியா கலக்காது. போன ஆயில் திரும்பி வராம எவாப்பரேட்டர்லயே தங்கிடும், கம்ப்ரஸர் வறண்டு தேயும்.

ஆர்-134ஏவுக்கு ரெண்டு முக்கியமான ஆயில். பெல்ட்ல ஓடுற கார் கம்ப்ரஸருக்கு பிஏஜி. ஹெர்மெட்டிக் கம்ப்ரஸருக்கு பிஓஇ. ஏன் வேற வேற? கார்ல கம்ப்ரஸருக்குள்ள கரண்ட் இல்லை. கூலர்ல மோட்டார் வைண்டிங்கே கேஸ்லயும் ஆயில்லயும் குளிச்சுக்கிட்டிருக்கும். அங்க ஆயில் நல்ல மின்காப்பா இருக்கணும். பிஓஇ அப்படி இருக்கும். பிஏஜி அந்த அளவுக்கு இல்லை, போதாக்குறைக்கு ஈரத்தையும் வேகமா உறிஞ்சும். ஆக, ஆயில் கலந்த கார் டப்பாவைக் கூலர்ல அடிச்சா, குளிர் உடனே வரும், வாடிக்கையாளர் சந்தோஷமா காசு கொடுப்பார், பிரச்சினை பல நாள் கழிச்சு வைண்டிங்ல ஆரம்பிக்கும். அப்போ யாரும் டப்பாவைக் குற்றம் சொல்ல மாட்டாங்க. "கம்ப்ரஸர் போயிடுச்சு"ன்னு மட்டும் சொல்வாங்க.

இங்க ஒரு ட்விஸ்ட். எலெக்ட்ரிக் கார், ஹைப்ரிட் கார்ல ஏசி கம்ப்ரஸரைச் சுத்துறது பெல்ட் இல்லை, ஹை வோல்ட்டேஜ் மோட்டார். அதாவது கூலர் மாதிரியே வைண்டிங் உள்ளே இருக்கு. அதனால அங்கயும் பெரும்பாலும் பிஓஇ வகை ஆயில்தான். பழக்கதோஷத்துல "கார்தானே"ன்னு பிஏஜி கலந்த டப்பாவை அடிச்சா இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் இறங்கும், வண்டி எர்ரர் காட்டும். நம்ம மாவட்டத்துல இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலேயே இப்போ எலெக்ட்ரிக் கார் தயாராகுது. இனி தெருவுக்கு வர்ற வண்டிகளுக்கு "கார் கேஸ்", "கடை கேஸ்"ங்கிற பழைய பிரிவே பத்தாது.

எதிர் உதாரணமும் இருக்கு. ஐஸ்கிரீமும் உறைய வச்ச மீனும் ஏத்திட்டுப் போற குளிர்சாதன லாரி. சக்கரம் இருக்கு, ஆனா சரக்குப் பெட்டிக்குள்ள ஓடுற யூனிட்ல பரவலா இருக்கிறது ஆர்-404ஏ, கோல்ட் ஸ்டோரேஜ்ல இருக்கிற அதே கேஸ். அதே லாரியோட டிரைவர் கேபின்ல ஆர்-134ஏ. ஒரே வண்டி, ரெண்டு கேஸ்.

கலவை கேஸ்களுக்கு வேற விதி

ஆர்-134ஏ ஒரே மாலிக்யூல். ஆவியா ஏத்தினாலும் திரவமா ஏத்தினாலும் அதே பொருள்தான். ஆனா ஆர்-404ஏ மூணு கேஸ் கலந்தது, ஆர்-407சியும் மூணு, ஆர்-410ஏ ரெண்டு. இந்தக் கலவைகளில் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல ஆவியாகும். சிலிண்டரை நிமிர்த்தி வச்சு ஆவியா எடுத்தா, வேகமா ஆவியாகிறது முதல்ல போயிடும், சிலிண்டர்ல மிச்சம் இருக்கிறது வேற கலவையா மாறிடும். அதனால இதுகளைத் திரவமாத்தான் ஏத்தணும், சிலிண்டர் வகையைப் பொறுத்துக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டி வரும். கார் டப்பாவிலேயே பழகின கை இங்கதான் தடுமாறும். ஆர்-407சி மாதிரி கலவை பாதி லீக் ஆகியிருந்தா, மேல நிரப்புறதும் நல்லதில்லை. மிச்சத்தை எடுத்துட்டு, வாக்யூம் போட்டு, புதுசா எடை போட்டு ஏத்தணும்.

கலர் பார்த்து நம்பலாமா?

ரொம்ப நாளா சிலிண்டர் நிறம்தான் அடையாளம். ஆர்-134ஏ இளநீலம், ஆர்-22 இளம்பச்சை, ஆர்-410ஏ ரோஸ், ஆர்-404ஏ ஆரஞ்சு. இப்போ அதையும் நம்ப முடியாது. அமெரிக்கத் தொழில் அமைப்பான ஏ.ஹெச்.ஆர்.ஐ, 2020 முதல் எல்லா கேஸுக்கும் ஒரே சாம்பல் பச்சை நிறம் போதும்னு சொல்லிடுச்சு. காரணம், கேஸ் வகைகள் கூடிப்போச்சு, பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பிரிச்சுப் பார்க்க முடியலை. இனி லேபிளைப் படிச்சே ஆகணும்.

லேபிளே பொய் சொன்னா? அதுவும் நடந்திருக்கு. 2011-ல் கப்பல்ல போற குளிர்சாதன கன்டெய்னர்கள் சில, வியட்நாமில் சர்வீஸ் பண்ணின பிறகு வெடிச்சது. மூணு தொழிலாளர்கள் இறந்தாங்க. உள்ளே இருந்தது ஆர்-134ஏ பேர்ல வந்த போலி, அதில் ஆர்-40, அதாவது மெத்தில் குளோரைடு, கலந்திருந்தது. ஆர்-134ஏவோட கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. ஆர்-40-ன் கொதிநிலை மைனஸ் 24. கேஜ்ல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா ஆர்-40 அலுமினியத்தோட வினை புரிஞ்சு, காற்று பட்டாலே தீப்பிடிக்கிற டிரைமெத்தில் அலுமினியத்தை உண்டாக்கும். கம்ப்ரஸரைத் திறக்கிறவர் கையிலேயே அது பத்திக்கும். கார் ஏசியில கண்டென்சர், எவாப்பரேட்டர், கம்ப்ரஸர் பாடி எல்லாமே பெரும்பாலும் அலுமினியம்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. "விலை கம்மி, பில் கிடையாது"ங்கிற சிலிண்டருக்குப் பின்னாடி இருக்கிற ஆபத்து இதுதான்.

இன்னொரு ஆபத்து சிலிண்டரைத் திரும்ப நிரப்புறது. ஒரு தடவை மட்டும் பயன்படுத்தணும்னு செஞ்ச சிலிண்டரோட தகடு மெல்லிசு. அதை மறுபடி நிரப்பவே கூடாது. திரும்ப நிரப்பக்கூடிய சிலிண்டரையும் 80 சதவீதத்துக்கு மேல நிரப்பக்கூடாது. கணக்கு போட்டுப் பாருங்க. ஆர்-134ஏ திரவத்தோட அடர்த்தி 25 டிகிரியில லிட்டருக்கு 1.21 கிலோ, 60 டிகிரியில 1.05 கிலோ. 25 டிகிரியில 80 சதவீதம் நிரப்பினது, வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள 60 டிகிரி ஆகும்போது 92 சதவீதத்தை அடைச்சிடும். முழுசா நிரப்பியிருந்தா? விரிய இடமில்லை. திரவம் அழுந்தாது, சிலிண்டர்தான் கிழியும்.

தீப்பிடிக்கிற கேஸும் இதே தெருவுக்கு வந்தாச்சு

ஆர்-134ஏ தீப்பிடிக்காத ஏ1 வகை. அந்தத் தைரியத்துலதான் பல வருஷமா வேலை நடந்துச்சு. (தீப்பிடிக்காதுன்னாலும், கேஸ் மிச்சம் இருக்கும்போதே பிரேஸிங் டார்ச்சைக் காட்டினா அது சிதைஞ்சு ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். நுரையீரலுக்கு விஷம்.) இப்போ ஸ்பிளிட் ஏசிகள்ல ஆர்-32, இது மெதுவா எரியக்கூடிய ஏ2எல் வகை. வீட்டு ஃபிரிட்ஜ்ல ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். புது கூலர்களிலும் டீப் ஃபிரீஸர்களிலும் ஆர்-290, அதாவது புரொப்பேன். இது ரெண்டும் நம்ம சமையல் கேஸோட சொந்தக்காரங்க, ஏ3 வகை. கோத்ரேஜ் 2012-லேயே ஆர்-290 ஸ்பிளிட் ஏசியை இந்தியாவில் விற்க ஆரம்பிச்சது.

இந்த மெஷின்கள் ஆபத்தானவை இல்லை. ஃபிரிட்ஜ்ல இருக்கிறது சில பத்து கிராம்தான், தீப்பொறி வராத பாகங்களோட டிசைன் பண்ணியிருப்பாங்க. ஆபத்து எங்க வருதுன்னா, "கூலர்னா ஆர்-134ஏ"ங்கிற பழைய நினைப்புல புரொப்பேன் கூலரை டார்ச்சோட திறக்கும்போது. இல்லைன்னா தலைகீழா, விலை கம்மின்னு கார் ஏசிக்குள்ள எல்பிஜி மாதிரி ஹைட்ரோகார்பனை அடிக்கும்போது. காரோட எவாப்பரேட்டர் நம்ம முகத்துக்கு நேரா, டேஷ்போர்டுக்குள்ள இருக்கு. அங்க லீக் ஆனா அந்த கேஸ் வர்றது மூடின கேபினுக்குள்ளதான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்குது?

அமெரிக்காவில் தெளிவாவே பிரிச்சிருக்காங்க. அவங்க தூய காற்றுச் சட்டத்தில் 609-வது பிரிவு வாகன ஏசிக்கு, 608-வது பிரிவு கடை, வீடு மாதிரி நிலையான சிஸ்டங்களுக்கு. டெக்னீஷியன் சான்றிதழும் தனித்தனி. ஐரோப்பாவில் 2017 முதல் புது கார்களில் ஜிடபிள்யூபி 150-க்கு மேல இருக்கிற கேஸே கூடாது, அதனால அங்க கார்கள் ஆர்-1234ஒய்எஃப்புக்கு மாறிடுச்சு. அதுக்கு போர்ட்டும் வேற.

ஜிடபிள்யூபின்னா, ஒரு கிலோ கேஸ் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமா பூமியைச் சூடாக்குதுங்கிற எண். ஆர்-134ஏவுக்கு 1,430. ஆர்-32க்கு 675. ஆர்-404ஏவுக்கு 3,922. புரொப்பேனுக்கு 3தான். இதை நம்ம ஊர்க் கணக்குல போடுவோம். ஒரு கார்ல இருந்து 500 கிராம் ஆர்-134ஏவைக் காத்துல திறந்து விட்டா, 715 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ வரும். அப்போ 310 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா 4,600 கிலோமீட்டருக்கு மேல. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு 75 கிலோமீட்டர்னு வச்சா, முப்பது தடவை போயிட்டு வந்த புகை. "உஷ்ஷ்"னு ஒரு நிமிஷ சத்தத்துல அது முடிஞ்சிடும். பழைய கேஸை வெளியே விடாம ரெக்கவரி மெஷின்ல பிடிக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

2016 அக்டோபர் 15-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. ஆர்-134ஏ, ஆர்-32, ஆர்-410ஏ மாதிரி ஹெச்எஃப்சிகளைக் குறைக்கிற திட்டம். இந்தியா 2021-ல் ஏத்துக்கிட்டது. 2028-ல் அளவு உறைய வைக்கப்படும். 2032-ல் 10 சதவீதம், 2037-ல் 20, 2042-ல் 30, 2047-ல் 85 சதவீதம் குறைக்கணும். 2047-ல் நமக்கு நாற்பது வயசு தாண்டியிருக்கும். அதாவது இந்த மொத்த மாற்றமும் நம்ம வேலைக்காலத்துக்குள்ள நடக்கப் போகுது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைகளும் இருக்கு, ஃபிரிட்ஜ் செய்யிற சாம்சங் ஆலையும் இருக்கு. ஒரே மாவட்டத்துல ரெண்டு உலகமும் இருக்கிறதால, பிளேஸ்மென்ட்ல நாம எந்தப் பக்கம் போனாலும் இது நம்ம மேஜைக்கு வரும்.

ஆலையில இருக்கிற இன்ஜினியருக்கு டேட்டா ஷீட் இருக்கும், டிரெயினிங் இருக்கும். தெருவுல இருக்கிற மெக்கானிக் அண்ணனுக்கு அது கிடைக்கிறது கம்மி. 2019-ல் வந்த இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கணும்னு இலக்கு வச்சதுக்குக் காரணம் இந்த இடைவெளிதான். அவர்மேல பழி போடுறதுல அர்த்தமில்லை. நாம சரியா கேட்டா அவருக்கும் சரியா செய்யிறது சுலபம். தராசு போடச் சொல்ற வாடிக்கையாளர் இருந்தாத்தான் தராசு வாங்குறதுக்கு அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

கேஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய ஆறு கேள்வி

1. மெஷின் லேபிள்ல என்ன கேஸ், எத்தனை கிராம்? (காருக்கு பானெட் அடியில, ஏசிக்கு அவுட்டோர் யூனிட் பக்கவாட்டுல, கூலருக்குப் பின்னாடி.)
2. கொண்டு வந்த டப்பாவிலயும் அதே பேர் இருக்கா? ஆயில், சாயம், லீக் ஸ்டாப் ஏதாவது கலந்திருக்கா?
3. லீக் எங்கன்னு பார்த்தாச்சா?
4. வாக்யூம் போட்டீங்களா? (30 டிகிரியில தண்ணி ஆவியாகணும்னா அழுத்தம் 42 மில்லிபாருக்குக் கீழ போகணும். சும்மா கேஸை விட்டுக் காத்தைத் துரத்தினா ஈரம் உள்ளேயே இருக்கும்.)
5. எடை போட்டு ஏத்துறீங்களா?
6. போர்ட்ல அடாப்டர் ஏன் தேவைப்படுது?

இந்த ஆறுக்கும் பதில் வாங்க ரெண்டு நிமிஷம் போதும். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வரலைன்னா மட்டும், வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லிடுங்க. ஒரு நாள் கூலிங் இல்லாம இருந்துக்கலாம்.

இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. உங்க வீட்டு ஃபிரிட்ஜ், ஏசி, கார், மூணோட லேபிளையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. லேபிள் வெயில்ல வெளுத்துப் போறதுக்குள்ள எடுத்துடுங்க. மெக்கானிக் வரும்போது அதை அவர்கிட்ட காட்டினா, "என்ன கேஸ்?"ங்கிற கேள்விக்கு யாரும் யூகிச்சுப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.